பதாகை பிடிக்கவா பிள்ளைகள்?

ஜனவரி பிறந்துவிட்டால் சாலைப் பாதுகாப்பு விழாவும் பிறந்துவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். கையிலே பதாகை, வாயிலே முழக்கம், தலைக்கு மேலே வெயில்! அதிகாரி கொடியசைக்கிறார். ஊர்வலம் கடைத்தெருவைச் சுற்றி வருகிறது. உறுதிமொழி எடுக்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், கலைகிறார்கள். ஊர்வலத்துக்காக ஒதுங்கி நின்ற லாரியும் பஸ்ஸும், நின்ற நேரத்தையும் சேர்த்துப் பிடிக்கப் பறக்கின்றன. இதற்குப் பெயர் மாணவரை ஈடுபடுத்துவதாம்!

விழா வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. விழாவோடு முடிந்துவிடுகிறதே என்றுதான் கேட்கிறோம். மத்திய போக்குவரத்து அமைச்சகம் தந்த கணக்கைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல்! அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாடு முழுவதும் மாண்டவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்; 19 பேருக்கு மேல் காலால் நடந்தவர்கள். காரில் போனவர்கள் இவர்களுக்கெல்லாம் பின்னால். ஆலைக்குப் போகிறவன், சந்தைக்குப் போகிறவள், பள்ளிக்குப் போகிற பிள்ளை ஆகியோரின் கணக்கு இது. வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இந்தச் சாவுகளில் 100க்கு 71 அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அதே அறிக்கை கூறுகிறது. வேகம் கொல்கிறது, மெய்தான். ஆனால் அந்த 71 எப்படிப் பிறக்கிறது என்பதையும் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விபத்து நடந்த பிறகு காவல் நிலையத்திலே எழுதப்படும் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற பழைய வாசகம் நம் எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் வேகத்தை அளந்தாரா? இல்லை. அந்த வேகத்துக்கு இடங்கொடுத்த சாலையைப் பற்றி, அந்த நேரத்துக்கு வந்தாக வேண்டுமென்று விரட்டிய முதலாளியைப் பற்றி ஒரு வரி உண்டா? அதுவும் இல்லை. பழி ஸ்டியரிங்கைப் பிடித்தவன் தலையில், கோப்பு மூடப்படுகிறது.

ஆகவேதான் சொல்கிறோம்: மாணவர் கையிலே பதாகையைக் கொடுக்காதீர்கள், அளவு நாடாவைக் கொடுங்கள்!

பள்ளி வாசலுக்கு எதிரே சாலையோரத்தில் 50 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடட்டும். ஒருவர் முதல் கோட்டில், ஒருவர் இரண்டாம் கோட்டில். இருவரும் சுற்றுச்சுவருக்கு உள்ளேயே நிற்க வேண்டும், வாத்தியார் உடனிருக்க வேண்டும். முன் சக்கரம் முதல் கோட்டைத் தொட்டதும் ஒருவர் கையை உயர்த்துகிறார், மற்றவர் கடிகாரத்தை ஓட்டுகிறார். 50 மீட்டரை 6 வினாடியில் கடந்தால் மணிக்கு 30 கிலோமீட்டர். 3 வினாடியில் கடந்தால் 60. எட்டாம் வகுப்புக் கணக்கு, அவ்வளவுதான். காலையில் 100 வண்டி, மாலையில் 100 வண்டி என்று ஒரு வாரம் எழுதினால் அந்தச் சாலையின் சாதகம் வெளிவந்துவிடும்! வண்டியின் எண்ணைக் குறிக்க வேண்டாம். பிள்ளைகளைப் போலீஸ்காரர் ஆக்குவது நமது நோக்கமல்ல. எந்த ஓட்டுநர் குற்றவாளி என்று தேட வேண்டியதில்லை. எந்த இடம் குற்றமுள்ளது என்று தெரிந்தால் போதும்.

30க்கும் 50க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பார் உண்டு. உலர்ந்த சாலையில் 30 வேகத்தில் வரும் காரின் ஓட்டுநர், குறுக்கே பிள்ளை ஓடுவதைக் கண்டு, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்க ஏறத்தாழ 13 மீட்டர் போதும். 50 வேகத்தில் வருபவர் அந்த 13 மீட்டர் தாண்டும்போது பிரேக்கை மிதித்தே இருக்கமாட்டார். ஒரே இடம், ஒரே பிள்ளை. ஒரு வண்டி நின்றுவிடுகிறது. மற்றொன்று முழு வேகத்தோடு மோதுகிறது.

பிள்ளைகள் அளந்து என்ன ஆகப்போகிறது என்று அலட்சியம் பேசுவோர் நெதர்லாந்தின் கதையை அறிய வேண்டும். இன்று சைக்கிள் நாடு என்று புகழப்படும் அங்கே 1971இல் சாலையில் மாண்டவர் சுமார் 3,300 பேர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். தன் மகளைச் சாலையிலே பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது. அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. ஆம்ஸ்டர்டாமின் டி பைப் என்ற நெருக்கமான தொழிலாளர் குடியிருப்பில், பள்ளிப் பிள்ளைகளே தெருவை மறித்து, 'எங்களுக்கு விளையாட இடம் எங்கே?' என்று கேட்டார்கள். 1976இல் குடியிருப்புத் தெருக்களில் கார் நடைவேகத்தில்தான் போக வேண்டும் என்ற விதி சட்டமாயிற்று. 2021இல் அந்நாட்டில் சாலையில் இறந்தவர் 582 பேர். பிள்ளைகளால் மட்டும் வந்த மாற்றமல்ல இது. 1973இன் எண்ணெய் நெருக்கடியும் கை கொடுத்தது. ஆனால் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

நம் நாட்டிலே? அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பதினோராம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. நல்ல திட்டம். கூலிக்காரர் வீட்டுப் பெண் பிள்ளை மேல்நிலைப் படிப்பைத் தொட அந்தச் சைக்கிள் எவ்வளவு உதவியது என்பதைக் கிராமத்துத் தோழர்கள் அறிவர். ஆனால் அந்தச் சைக்கிள் ஓடுவதற்குச் சாலையிலே ஓரடி இடம் ஒதுக்கினோமா? நான்கு வழிச்சாலை என்று அகலப்படுத்தினோம். ஓரத்துப் புளியமரங்களை வெட்டினோம். நிழலும் போயிற்று, ஓரமும் போயிற்று. பயந்த தாய் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப மறுக்கிறாள். கடன் வாங்கியாவது ஒரு மோட்டார் சைக்கிள். இப்படி வீட்டுக்கு வீடு ஒரு பெட்ரோல் எஞ்சின் பள்ளி வாசலில் வந்து புகை கக்குகிறது. காற்று கெடுகிறதே என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள், வேகத்தைக் குறைத்தால் சைக்கிள் தானாக வெளியே வரும் என்பதையும் பேச வேண்டாமா?

இனி ஓட்டுநர் தோழர்களிடம் ஒரு சொல். பள்ளிப் பிள்ளைகள் உங்களுக்கு எதிரிகள் அல்லர். தனியார் பஸ்ஸில் முன்னே போகிற வண்டியை முந்தினால்தான் வசூல், வசூல் இருந்தால்தான் படி. உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞனுக்கு நாளைக்கு இத்தனை நடை முடித்தால்தான் ஊக்கத்தொகை. மோட்டார்த் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி வேலை என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் எழுதினார்கள். எத்தனை லாரி அதைப் பார்த்தது? வேகத்தின் லாபம் ஒருவருக்கு, வழக்கும் சிறையும் வேறொருவருக்கு! மாணவர் எழுதும் கணக்கில் ஒரே தடத்து வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் பறப்பது தெரிந்தால், நேர அட்டவணையைத் திருத்தச் சொல்லி வாதாட நமது சங்கங்களுக்கும் அதுவே ஆதாரம்.

மாணவரிலும் பறக்கிறவர் உண்டு. மறைக்கவில்லை. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டினால் பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, அவனையே கடிகாரத்தோடு ஒரு வாரம் கோட்டருகில் நிற்கவைப்பது மேல் என்பது நமது எண்ணம்.

அதே திருத்தம் சாலையை ஒழுங்காக அமைக்காத ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. சென்னையிலோ 2023 நவம்பரில், குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று காவல்துறை வரம்பு கட்டிற்று. தாளிலே இருப்பதைத் தெருவிலே காட்ட வேண்டும். அதற்கு விதிப்படி அமைந்த வேகத்தடை வேண்டும்: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், வெள்ளைக் கோடு, முன்னெச்சரிக்கைப் பலகை. இரவோடிரவாக யாரோ கொட்டிய மண்மேடு உதவாது. இருட்டில் அதில் விழுந்து மண்டை உடைந்தவர்களும் நம்மவர்களே.

பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. ஜூலையில் அளந்து முடிக்கலாம். ஆகஸ்டு 15இல் கிராம சபை கூடும்போது, அந்தக் கணக்கைப் பிள்ளைகளே எழுந்து படிக்கட்டும். நமது கிளைத் தோழர்கள் பக்கத்தில் இருந்து, அதைத் தீர்மானமாக ஏற்றும்வரை எழுந்து போகக்கூடாது. நகல் ஒன்று மாவட்ட ஆட்சித்தலைவர் தலைமையிலுள்ள சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குப் போக வேண்டும். நவம்பர் முதல் நாள் சபை மீண்டும் கூடுவதற்குள், அதே கோட்டில், அதே நேரத்தில், மறுபடியும் அளந்து வையுங்கள்.