நெடுந்தூர லோரிக்கு எந்த வழிகாட்டி?

நெடுந்தூர லோரிக்கு ஜிபிஎஸ் வழிகாட்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது, வண்டியின் உயரத்தையும் எடையையும் கருவி கணக்கில் கொள்கிறதா என்பதைத்தான். விலையும் திரையின் அளவும் நிறுவனத்தின் பெயரும் அதற்குப் பிறகுதான். காருக்காக உருவான செயலி, சீக்கிரம் போய்ச் சேரும் வழியைத் தேடும். லோரிக்கு வேண்டியதோ பாலம் எடையைத் தாங்குகிற, மேலே எதுவும் இடிக்காத, நீண்ட வண்டி திரும்ப இடமுள்ள வழி.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். சிலாங்கூர் எல்லையைத் தாண்டினால், 1998இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம். கடற்கரைப் பக்கம் போர்ட்டிக்சனின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி, பாமாயில் டேங்கர், பெட்ரோல் டேங்கர், கொள்கலன் டிரெய்லர் என நான்கு வகை வண்டிகள் ஓடும் இந்த வட்டாரத்தில், நான்குக்கும் ஒரே வழி பொருந்தாது.

வண்டியை அறிந்த வரைபடம்

பெரும்பாலான ஓட்டுநர்கள் நம்பியிருப்பது வேஸ், கூகுள் மேப்ஸ் செயலிகளை. நெரிசலையும் விபத்தையும் உடனுக்குடன் சொல்வதில் இவற்றை மிஞ்சுவது கடினம். ஆனால் லோரியின் உயரம், எடை, அச்சுச் சுமை ஆகியவற்றைக் கேட்டு அதற்கேற்ற வழி சொல்லும் வசதி இவற்றில் இல்லை. கார்மின் நிறுவனத்தின் டெசல் வரிசை, டாம்டாமின் லோரிக் கருவிகள், கைப்பேசியில் இயங்கும் சிஜிக் டிரக் செயலி ஆகியவை இந்த விவரங்களைக் கேட்கின்றன. அபாயகரமான சரக்கு ஏற்றியிருந்தால் அதையும் கணக்கில் கொள்கின்றன.

உயரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டே காட்டிவிடும். ‘ஹை கியூப்’ எனப்படும் உயரவகைக் கொள்கலனின் உயரமே 2.9 மீட்டர். அதை டிரெய்லர் மேல் ஏற்றினால் தரையிலிருந்து 4 மீட்டரைத் தாண்டிவிடும். சிங்கப்பூருக்குச் செல்லும் வண்டி 4.5 மீட்டரைத் தாண்டினால் அங்கே தனி அனுமதி பெற வேண்டும். பிரிட்டனில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை வாகனங்கள் ரயில் பாலங்களில் மோதுகின்றன. உயரம் அறியாமல் வழி தேர்வதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் கருவி கேட்கும் கேள்விகள் மட்டும் போதாது. அதற்குள் இருக்கும் வரைபடத்தில் பதில் இருக்க வேண்டும். மலேசியாவில் கூட்டரசுச் சாலைகளின் எடை வரம்புகளை 1989ஆம் ஆண்டின் ஆணையும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் வகுத்திருக்கின்றன. மாநிலச் சாலை, ஊராட்சிச் சாலை, தோட்டத்து மதகு என்று இறங்க இறங்க, எடை வரம்பு அறிவிப்புப் பலகையில் மட்டுமே இருக்கும். வரைபடத்தில் ஏறியிருப்பது அரிது. ஐரோப்பிய, அமெரிக்கச் சாலைகளில் துல்லியமாக இருக்கும் கருவி இங்கே அதே தரத்தில் இருக்கும் என்று கொள்ள முடியாது. வாங்கும் முன் சோதிக்க எளிய வழி உண்டு. நிறுவனத்தின் லோரிகள் வழக்கமாக ஓடும் பாதையில், ஏற்கெனவே தெரிந்த தாழ்ந்த பாலம் ஒன்றையும் கனரக வாகனத் தடையுள்ள சாலை ஒன்றையும் கருவியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டையும் தவிர்க்காத கருவியின் மற்ற வசதிகளால் பயனில்லை.

கடைசி ஐந்து கிலோமீட்டர்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் எந்தச் செயலியும் பெரிதாகத் தவறுவதில்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் சிக்கல். தோட்டச் சாலைகள் தனியாருக்குச் சொந்தமானவை. வாயிற்கதவும் காவலும் உண்டு. மழையில் செம்மண் குழைந்துவிடும். வரைபடத்தில் அவையும் மற்றச் சாலைகளைப் போன்ற கோடுகள்தாம். குறுக்கு வழி தேடும் மென்பொருள் அவற்றுக்குள் வண்டியை அனுப்பிவிடக்கூடும். கார் பின்னோக்கி வந்து தப்பித்துக்கொள்ளும். ஏற்றிய டிரெய்லரால் அது முடியாது.

பெயர்க் குழப்பமும் உண்டு. போர்ட்டிக்சன் மாவட்டத்தில் தானா மேரா என்று ஒரு தோட்டம் இருக்கிறது. கிளந்தானில் ஒரு மாவட்டத்துக்கே அந்தப் பெயர். பெயரை மட்டும் தட்டச்சு செய்துவிட்டுப் புறப்பட்டால் தீபகற்பத்தின் மறு கோடிக்கு வழி காட்டக்கூடும். இதனால் சரக்குச் சீட்டிலேயே வாயிற்கதவின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துத் தருவது நல்லது. அலுவலகத்தில் வகுத்த பாதையை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வசதி கருவியில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோளும் தொடர்புக் கோபுரமும்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இருப்பிடத்தைக் கணிக்க அவற்றில் நான்கின் சமிக்ஞையாவது கிடைக்க வேண்டும். அடர்ந்த செம்பனை மரங்களுக்கு அடியில் சமிக்ஞை வலுவிழக்கும். ஈப்போவுக்கு வடக்கேயுள்ள மெனோரா சுரங்கப்பாதை போன்ற இடங்களில் அறுந்தே போகும். குளோனாஸ், கலிலியோ, பெய்டோ ஆகிய பிற நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பெறும் கருவி மரநிழலில் தடுமாறுவது குறைவு. சக்கரத்தின் சுழற்சியையும் திரும்பும் கோணத்தையும் அளக்கும் உணரிகள் இருந்தால், சுரங்கத்துக்குள்ளும் இடம் ஓரளவு தெரியும்.

இருப்பிடத்தை அறிய இணையம் தேவையில்லை; வரைபடத்தைத் திரையில் கொண்டுவரத்தான் பல செயலிகளுக்கு அது தேவை. கிரிக்கிலிருந்து ஜெலிக்குச் செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் கைப்பேசித் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கிழக்குக்கரைக்கு ஓடும் லோரியில் வரைபடம் முழுவதும் முன்கூட்டியே பதிவிறக்கப்பட்டிருப்பது அவசியம்.

ஓட்டுநர் அறைக்குள்

பெரும்பாலான கனரக லோரிகளின் மின்னமைப்பு 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் மின்னேற்றியைச் செருகினால் கருவி பழுதாகக்கூடும். இரண்டையும் தாங்கும் மின்னேற்றியே வேண்டும். முன்கண்ணாடியின் கீழே வெயில் படும் இடத்தில் கைப்பேசி சூடேறி அணைந்துபோவதுண்டு. லோரியில் கண்ணுக்கும் திரைக்கும் இடையே தூரம் அதிகம் என்பதால் 7 அங்குலத்துக்குக் குறையாத திரை நல்லது. ஆனால் அது சாலையை மறைக்கக்கூடாது. ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடித்தால் 300 ரிங்கிட் அபராதம் உண்டு என்பதால், செயலியைப் பயன்படுத்துவோருக்கும் உறுதியான தாங்கியும் தெளிவான குரல் வழிகாட்டலும் தேவை.

டோல் கணக்கும் வழியைத் தீர்மானிக்கும். இரண்டு அச்சும் ஐந்தாறு சக்கரமும் உள்ள லோரி இரண்டாம் வகுப்பு. மூன்று அச்சும் அதற்கு மேலும் என்றால் மூன்றாம் வகுப்பு. காரின் கட்டணத்தைக் காட்டும் செயலியை வைத்துப் பயணச் செலவைக் கணக்கிட்டால் கணக்கு உதைக்கும்.

வழிகாட்டலும் கண்காணிப்பும்

ஓட்டுநருக்கு வழி சொல்வது ஒரு கருவி; வண்டி எங்கே, எந்த வேகத்தில் போகிறது என்று உரிமையாளருக்குச் சொல்வது இன்னொன்று. ஒன்றை வாங்கினால் மற்றதன் வேலை நடந்துவிடாது. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் சரளைக்கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புக் காவலர்கள் 9 பேர் உயிரிழந்தனர். அதன் பின் கனரக வாகனங்களுக்கு ஜிபிஎஸ் கண்காணிப்பும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் கட்டாயமாகும் என்று போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் அறிவித்தார். வேகக் கட்டுப்பாடு 2025 அக்டோபர் 1 முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆனால் வண்டிக்கு ஏற்ற வழிகாட்டி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் வற்புறுத்தவில்லை. மெதுவாக ஓட்டினாலும் தவறான சாலையில் ஓட்டினால் ஆபத்து நீங்காது.

போன தடத்தின் பதிவுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை புக்கிட் பெலண்டோக் அறியும். 1998-99இல் பேராக்கில் தொடங்கிய நிப்பா நோய், லோரிகளில் ஏற்றிவரப்பட்ட பன்றிகளோடு இங்கு வந்து, பின்னர் சிங்கப்பூர் வரை சென்றது. மலேசியாவில் மட்டும் 105 பேர் மாண்டனர். வைரஸுக்கும் இவ்வட்டாரத்தின் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே நிலைத்தது. எந்த வண்டி எங்கிருந்து எங்கே போனது என்ற பதிவு, விபத்து விசாரணைக்கு மட்டுமல்ல, கால்நடை நோயைத் தடுப்பதற்கும் பயன்படும்.

யாருக்கு எது?

தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையே ஒரே பாதையில் ஓடும் குலை லோரிக்குக் கண்காணிப்புக் கருவியும் கைப்பேசிச் செயலியும் போதும். கொள்கலன் டிரெய்லருக்கு உயரமும் நீளமும் அறிந்த லோரி வழிகாட்டி வேண்டும். நெரிசலை அறியச் செயலி துணைக்கு இருக்கலாம். எரிபொருள் டேங்கருக்கு அபாயச் சரக்கு வசதியோடு, நிறுவனமே வகுத்த மாறாத பாதையும் வேண்டும். எந்தக் கருவி அறிவிப்புப் பலகையை மீறச் சொன்னாலும், பலகை சொல்வதுதான் செல்லும். அந்த முடிவை எடுக்கும் ஓட்டுநர் தாமதமாக வந்தால் அவர் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது என்பதும் நிறுவனத்தின் தேர்வில் ஒரு பகுதி.