சமயப் போர் என்றொரு சுலபமான பெயர்

1690 ஓகஸ்ட் மாதத்து இரவொன்றில் அயர்லாந்தின் பலினீற்றியில் நடந்ததை வீரகாவியமாகச் சொல்லியே பழகிவிட்டார்கள். லிமரிக் நகரை மூன்றாம் வில்லியத்தின் படை முற்றுகையிட்டிருந்தது. மதிலை உடைக்கப் பெரும் பீரங்கிகள் டப்ளினிலிருந்து வந்துகொண்டிருந்தன. கத்தோலிக்கத் தளபதி பற்றிக் சாஸ்பீல்ட் ஏறத்தாழ 500 குதிரைவீரருடன் நகரைவிட்டு நழுவி, ஷனொன் நதியைக் கடந்து, மலைப்பாதை தெரிந்த ஹோகன் வழிகாட்ட, உறங்கிக்கிடந்த பாசறையிற் பாய்ந்தார். பீரங்கிகளின் வாயில் வெடிமருந்தைத் திணித்து, மண்ணிற் புதைத்து, தீவைத்தார்கள். அந்த மாத இறுதியில் வில்லியம் முற்றுகையைக் கைவிட்டார்.

பாசறையின் அடையாளச் சொல்லே 'சாஸ்பீல்ட்'தானாம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்றிரவு வெட்டுண்டவர்களில் வண்டிக்காரரும் பெண்களும் இருந்தார்களே, அவர்களைக் கதைசொல்லிகள் ஏன் மறந்தார்கள்? இன்னொன்று: சாஸ்பீல்ட் புறப்பட்ட செய்தியை வில்லியத்தின் பாசறைக்குக் கொண்டுபோனவர் மேனஸ் ஓ'பிரையன் என்ற உள்ளூர்ப் பிரமுகர். அதிகாரி ஒருவரோ அவரிடம் எங்கே மாடு பிடிக்கலாம் என்று விசாரித்தாராம்! சமயத்தைக் காக்க வந்தவர்களின் கவனம் மாட்டில் இருந்திருக்கிறது.

இதைத்தான் நமது பாடநூல் நடையில் 'சமயப் போர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். வகுப்பில் நானும் அப்படிச் சொன்னவன்தான். புரட்டஸ்தாந்து வில்லியத்தின் கூட்டாளிகள் யார்? கத்தோலிக்க ஸ்பெயினும் கத்தோலிக்க ஒஸ்திரியப் பேரரசரும். எதிரி பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி, அவனும் கத்தோலிக்கன். அயர்லாந்துக்குள்ளே சண்டையின் வேர் காணி. குரொம்வெல் காலத்திற் பறிபோன நிலத்தை மீட்கவே 1689இல் டப்ளின் பாராளுமன்றம் பழைய காணிச் சட்டத்தை இரத்துச் செய்தது. சமயம் பொய் என்று நான் சொல்லவில்லை. யாருடைய காணி பறிபோக வேண்டும் என்பதைத் தீர்மானித்த அடையாளம் அது.

1691 ஒக்டோபரில் லிமரிக் உடன்படிக்கை கைச்சாத்தானது. சாஸ்பீல்ட் படையோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். 1693இல் லாண்டன் போரிற் காயம்பட்டு மாண்டார். உடன்படிக்கை கத்தோலிக்கருக்கு அளித்த உறுதிமொழியை 1697இல் டப்ளின் பாராளுமன்றம் குறுக்கி வெட்டியே ஏற்றது. 1688இல் நூற்றுக்கு 22 பங்காக இருந்த கத்தோலிக்கரின் காணி 1703இல் 14 ஆயிற்று. அதற்கிடையில், 1695இல், ஐந்து பவுணுக்கு மேற்பட்ட குதிரை வைத்திருப்பதும் கத்தோலிக்கருக்குத் தடையாயிற்று. பலினீற்றியின் குதிரைகளைப் பாடுகிறவர்கள் இந்தக் குதிரையையும் பாடட்டும்.