கால் நடக்கும் கரை கைவிட்டுப் போகாது

ஏரிக்கரையையும் வாய்க்கால் கரையையும் ஊரார் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுற்றி நடந்து பார்க்க வேண்டும் என்றால், "நடந்தால் நெல் விளைந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வடசென்னையைச் சான்றாகக் காட்டலாம். ஏரி, கால்வாய், கைவிடப்பட்ட ரயில் பாதை மூன்றும் அங்கே ஒரே வட்டத்தில் அமைந்துள்ளன.

முதலில் ரயில் பாதை. செங்குன்றத்திலிருந்து செம்புறாங்கல்லைச் சாலை வேலைக்காகச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுவர 1836-37 ஆண்டுகளில் ஒரு பாதை போடப்பட்டது. இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று அதைச் சொல்வார்கள். தேவை தீர்ந்ததும் கைவிட்டார்கள். இன்று அந்தத் தடம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதற்குப் பின்னால், 1856-ல் திறந்த ராயபுரம் நிலையமோ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கினார்கள். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை மக்களின் கைகளே நகருக்குள் அதன் இணைப்பை வெட்டி முடித்தன. நெல்லும் விறகும் உப்பும் படகில் வந்தன. படகைக் கயிறு கட்டிக் கரையில் நடந்தே இழுத்தார்கள். ஆள் நடந்த வரை கரை கரையாக இருந்தது. 1965, 1966 புயல்களில் கால்வாய் சேதமுற்றது; படகுகளும் நின்றன. பிறகு குப்பையும் குடிசையும் கழிவுநீரும் வந்து சேர்ந்தன.

புழல் ஏரியின் உபரி நீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து, கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. போகிற வழியை யாரும் கவனிக்காவிட்டால், தண்ணீர் எதைச் சுமந்து வரும் என்று சொல்ல முடியாது.

நம் ஊர்க் கதையும் இதுதான். குற்றம் வெளியாரிடம் மட்டுமல்ல. ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் வாய்க்கால் கரையை வெட்டி வயலோடு சேர்த்துக்கொள்பவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். மேல்மடைக்காரர் வெட்டிய ஒரு சாண், கடைமடைக்காரருக்கு ஒரு போகம்.

ஆகவே, ஆடி மாதத்தில் ஒரு நாள் பத்துப் பேர் சேர்ந்து நடந்து பாருங்கள். பழைய எல்லை தெரிந்த பெரியவர் ஒருவரையும், கைப்பேசியில் படம் எடுக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரையும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கிராம வரைபடத்தையும் புலப்பட நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மதகு திறக்கிறதா, கலங்கல் அடைபட்டிருக்கிறதா, கரையில் சீமைக் கருவேலம் எவ்வளவு, வாய்க்கால் எங்கே குறுகியது என்பதை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை ஆகஸ்டு 15 கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. ஆனால், எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு என்று காட்டுவதற்கு நாம்தான் நடக்க வேண்டும்.

மழை வந்த பிறகு மண்வெட்டியோடு ஓடுவதைவிட, மழைக்கு முன் ஒரு நாள் நடப்பது எளிது. செலவும் இல்லை.