கணினிக்கு வேறு படலை

கல்லூரிக் கணினிகளைப் பற்றிக் கொக்குவிற் பழைய மாணவர் பேசுமிடத்து, "புதியன வாங்குவோம்" என்னுங் குரலே முந்துகின்றது. 2025 ஒக்டோபர் 14 இல் விண்டோஸ் 10 இற்கு வழமையான பாதுகாப்புதவி நின்றமையால் அக்குரல் வலுத்தல் இயல்பே. பழையவற்றை லினக்ஸில் இயக்கலாம் என்பாரும் உளர். யான் அவர் பக்கத்தவன். ஆயின் லினக்ஸோடு வருந் திரைத்தளத்தை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை என்பேன்.

பட்டியும் சாளரமுங் காட்டும் அத்திரைத்தளம் இயங்குதளத்தினின்றும் வேறானது. வீட்டை இடியாமற் படலையை மாற்றுவதுபோல் மாற்றத்தக்கது. 2011 இல் குனோம் தன் மூன்றாம் பதிப்பிற் பழைய தோற்றத்தைக் கைவிட்டது. பலர் முகஞ்சுளித்தனர். ஆர்சென்டீனர் ஒருவர் முன்னைப் பதிப்பின் மூலநிரலை எடுத்து வளர்க்கலானார். தம் நாட்டார் விரும்பிப் பருகும் பானத்தின் பெயரால் அதற்கு 'மாட்டே' எனப் பெயரிட்டார். (நம்மவராயின் 'ஒடியற்கூழ்' என்றிருப்பர் போலும்!) மூலநிரல் யாவர்க்குந் திறந்திருந்தமையாலன்றோ இது கைகூடிற்று? உபுண்டுவும் 2011 இல் முன்வைத்த யூனிட்டியை 2017 இல் விட்டொழித்தது.

நினைவகங் குறைந்த கணினிக்கு மாட்டே பொருந்தும். மாற்றும் வேலையை உயர்தர மாணவரிடமே விடுக. ஆசிரியர் அருகிருந்தாற் போதும். கோப்புகளை முன்னரே படியெடுத்தல் வேண்டும். விண்டோஸ் வேண்டுமென்பார்க்கு இரண்டொரு கணினியை விட்டுவைக்கலாம். அவற்றை இணையத்தில் இணைத்தல் மட்டும் ஆகாது.