படுக்கையறையில் கர்ணன்

இது ஆறாவது சார்ஜர். வயர் அறுந்த இடத்தைப் பார்த்தால் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல அத்தனை சுத்தம். தெருமுனைக் கடைக்காரர் இப்போதெல்லாம் என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. என்னைக் கண்டதும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "முயல் நல்லா இருக்குங்களா சார்?" என்கிறார். நான் நல்லா இருக்கிறேனா என்று கேட்கத்தான் ஆளில்லை.

முயலின் பெயர் கர்ணன். காதைப் பார்த்து மகள் வைத்த பெயர். விற்றவர் ஆண் என்று சொல்லித்தான் விற்றார். நாலு மாதம் கழித்து மருத்துவர் மல்லாக்கத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பொண்ணு சார்" என்றார். அதற்குள் வீடு முழுக்கக் கூப்பிட்டுப் பழகிவிட்டோம், பெயர் நின்றுவிட்டது. பொருந்தாத பெயர் என்றும் சொல்ல முடியாது. முயல் ஒன்று நாளொன்றுக்கு 200 முதல் 300 புழுக்கை போடும். கொடைக்குக் குறைவே இல்லை.

அந்த விற்றவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வாரச் சந்தையில் கம்பிக் கூண்டு, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் இருபது குட்டிகள், முன்னால் என் மகள். "ஒண்ணும் செலவே கிடையாது சார். ஒரு கேரட் போட்டாப் போதும். தண்ணியே வைக்கக் கூடாது, வெச்சா செத்துப்போயிடும்." தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிப்பவர்களை அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன். தாகமே எடுக்காத முயலைப் பிடித்துவந்தவரை அன்றுதான் பார்த்தேன். இரண்டு கிலோ எடையுள்ள முயல் சாதாரண நாளிலேயே 100 மில்லிக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் இன்னும் அதிகம். இது தெரிய எங்களுக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரம் அது எப்படித் தாங்கியதோ, நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முதலில் பால்கனியில்தான் இருந்தது. கம்பிக் கூண்டு, மேலே நனைத்த சாக்கு, மூன்றாவது மாடிக் காற்று. ராஜபோகம் என்று நினைத்தோம். சித்திரையில் அக்கினி நட்சத்திரம் பிறந்த மறுநாள் மதியம் பார்த்தால், கர்ணன் காலை நீட்டிப் படுத்து மூக்கு விடைக்க மூச்சுவாங்குகிறது. காதைத் தொட்டால் தோசைக்கல். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, உடம்புச் சூட்டை வெளியே விடுவதற்கு அதற்கு இருக்கும் பெரிய வழி அந்த இரண்டு காதுகள்தான். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும் பிராணி. வீட்டு முயலின் மூதாதையர் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவை. நம் ஊரிலும் முயல் வளர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள், எங்கே? கொடைக்கானல் மலையில், மன்னவனூரில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பார்க்கப்போகிற இடம் அது. நான் வைத்திருந்தது சென்னையில், மேற்குப் பார்த்த பால்கனியில்.

"ரெண்டே நாள்ப்பா. வெயில் குறையற வரைக்கும்" என்றாள் மகள்.

வீட்டில் ஏசி இருப்பது எங்கள் படுக்கையறையில் மட்டும். ஆகவே கூண்டு எங்கள் கட்டிலுக்கு அருகே வந்தது. இப்போது தை பிறந்துவிட்டது. அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

கூண்டைத் திறந்துவிட்டது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மனைவி விடப்போவதில்லை. முயல் விடியற்காலையும் அந்தி நேரமும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். மனிதன் அசந்து தூங்கும் நான்கு மணிக்கு அது கம்பியைப் பல்லால் பிடித்து, விடாமல், யாரோ இரும்புக் கதவைப் பிடித்து உலுக்குவதுபோல உலுக்கும். மூன்று இரவு பொறுத்தேன். நான்காம் இரவு எழுந்துபோய்க் கூண்டுக் கதவைத் திறந்து, "போ, எங்கே வேணா போ" என்றேன். போனது. கட்டிலுக்கடியில் போனது. அன்றிலிருந்து எந்தப் புகார் சொன்னாலும் மனைவியிடமிருந்து ஒரே பதில்: "நீங்கதானே தொறந்து விட்டீங்க?"

நம் வீடுகளில் கட்டிலடி என்பது ஒரு குடோன். எங்கள் கட்டிலடியில் இரண்டு சூட்கேஸ், பழைய மிக்ஸி, மகளின் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்த நோட்டுகள், அட்டைப்பெட்டிகளில் கொலு பொம்மைகள். கர்ணன் அட்டைப்பெட்டியில் ஒரு வாசல் வெட்டிக்கொண்டு உள்ளே குடியேறியது தெரிய ஒரு மாதம் ஆயிற்று. புரட்டாசியில் கொலுவுக்கு எடுத்தபோது, தசாவதாரத்தில் காகிதக்கூழ் வாமனருக்குக் குடை இல்லை. மச்சாவதாரத்துக்கு வால் இல்லை. அம்மா பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பெயிண்டை முழுங்கியிருந்தா அதுக்கு வயித்துக்கு ஆகாதேடா" என்றாள். நாற்பது வருஷத்துப் பொம்மை. நான் ஒரு டம்ளரை உடைத்ததற்கு ஒரு வாரம் திட்டிய அம்மா.

தரைக்கு வருகிறேன். வழவழப்பான டைல்ஸில் முயலால் நிற்க முடியாது. நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோல அதன் பாதத்தில் மெத்தென்ற திண்டு கிடையாது, வெறும் ரோமம். கால் நாலு பக்கமும் வழுக்கிப்போய்ப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது. இடுப்பு பிசகினால் அதோடு போயிற்று என்றார் மருத்துவர். சாக்கு விரித்தோம், நூலைப் பிரித்துத் தின்றது. கோரைப்பாய் விரித்தோம், அதையும் தின்றது. கோரை தின்றால் கெடுதல் இல்லை என்றார்கள், ஆனால் ஒரு பாய் ஒரு மாதம் தாங்கவில்லை. கடைசியில் என் கல்யாணத்துக்கு வந்த பவானி ஜமக்காளம் இறங்கியது. பத்துக்குப் பத்து அறையில் இப்போது கட்டில் போக மிச்ச இடமெல்லாம் ஜமக்காளம். கச்சேரி வைக்கலாம்.

வயர்களை மூட எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். சுவரடியில் இருந்த எல்லாவற்றுக்கும் கேசிங் போடச் சொன்னேன். "எலித் தொல்லையா சார்?" என்றார். "முயல்" என்றேன். அவர் சிரித்த சிரிப்புக்குத் தனியாகக் கூலி கேட்கவில்லை, அவ்வளவுதான். முயல் எலி வகையே இல்லை. அதன் மேல்வரிசை முன்பல்லுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி சின்னப் பல் ஒளிந்திருக்கிறது. அதை வைத்து 1912-லேயே விலங்கியல்காரர்கள் எலி வரிசையிலிருந்து முயலைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். என் சார்ஜர்களுக்கு அந்தப் பிரிவினையால் ஒரு லாபமும் இல்லை. முன்பல் வருஷத்துக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நாள் முழுக்கப் புல்லை அரைத்தால்தான் தேயும். அதனால் உலர்புல் எப்போதும் அறையில் இருக்க வேண்டும். இருக்கிறது. புல்லையும் தின்கிறது, வயரையும் கடிக்கிறது. பிளக்கிலிருந்து போன் வரைக்கும் உள்ள அந்த மூன்றடி வயருக்கு யார் கேசிங் போடுவது?

சிறுநீர் விஷயத்தில் மட்டும் முயல் மனிதனைவிட யோக்கியம். ஒரு மூலையைத் தேர்ந்துகொண்டால் அங்கேதான் போகும். அந்த மூலையில் அகலமான பிளாஸ்டிக் டப் வைத்து, அடியில் பழைய பேப்பர், ஓரத்தில் புல். தின்றுகொண்டே போவது அதற்குப் பிடித்த வழக்கம். மூன்று வாரத்தில் பழகிவிட்டது. தேர்ந்த மூலை எது என்றால், என் தலைமாட்டுப் பக்கம். மனைவி பக்கம் போகவே இல்லை. ஒருநாள் டப்பில் பேப்பர் சிவப்பாக இருந்ததைப் பார்த்து, ரத்தம் என்று வீடு அலறியது. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். முதலில் போன இடத்தில், "நாய், பூனை மட்டும்தான் சார் பார்ப்போம்." இரண்டாவது இடத்தில் மருத்துவர் சோதித்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, தின்ற இலை தழையின் நிறம் சில சமயம் இப்படிச் சிவப்பாக இறங்கும் என்று சொல்லி அனுப்பினார். அதற்குச் செலவான தொகையில் இன்னும் இரண்டு கர்ணன் வாங்கியிருக்கலாம்.

நடுவில் ஒருமுறை, மாரில் இருந்த ரோமத்தையெல்லாம் தானே பிய்த்துக்கொண்டு, வாய் நிறையப் புல்லைக் கவ்வி, கட்டிலடிக்கும் டப்புக்கும் அலைந்தது. அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணையும் அந்தக் கட்டுமானத்தில் சேர்ந்தது. "மாசமா இருக்குடா" என்று அம்மா தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஆண் முயலின் வாசனைகூட இல்லாத மூன்றாவது மாடியில் எப்படி? பொய்ச்சினை என்றார் மருத்துவர். இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கிற்று. கருப்பையை எடுத்துவிடுவது நல்லது, வயது ஏற ஏறப் பெண் முயலுக்கு அங்கே புற்று வரும் அபாயம் அதிகம் என்றும் சொல்லியிருக்கிறார். ஆபரேஷனுக்கு முன்னால் பட்டினி போடக் கூடாதாம். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, வயிறு காலியாக இருந்தால்தான் ஆபத்து. மாசி பிறந்ததும் செய்யலாம் என்றிருக்கிறோம்.

இவ்வளவும் பொறுத்தேன். ராத்திரி தட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பால்கனி சன்ஷேடில் பூனை நடந்தால் போதும், பின்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஒரு அடி. கூட்டத்துக்கு ஆபத்து என்று எச்சரிக்கிறதாம். கூட்டம் என்பது நானும் மனைவியும். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன சார் உரல்ல இடிக்கிறீங்க?" என்றார். முயல் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை தெரியவில்லை.

ஐப்பசியில் ஒரு மழை நாள். காலையில் வைத்த புல் அப்படியே கிடந்தது. டப்பில் ஒன்றுமில்லை. ஜமக்காளத்தில் ஒன்றுமில்லை. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர் ஊசி போட்டு, வாயோரமாகச் சிரிஞ்சில் ஊட்டக் கஞ்சிபோல ஒரு மாவும் கொடுத்து அனுப்பினார். ராத்திரி இரண்டு மணிக்கு நான், எட்டு மாதமாகப் புழுக்கையைக் கூட்டிக் கூட்டி முதுகு ஒடிந்தவன், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கட்டிலடியில் குப்புறக் கிடந்து, ஒரே ஒரு புழுக்கை கிடைக்காதா என்று தேடினேன். மகள் தூங்காமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நாலரை மணிக்கு ஏழு கிடந்தன. சின்னச் சின்னதாக, காய்ந்து. எண்ணிப் பார்த்து எல்லோரையும் எழுப்பிச் சொன்னேன். அதற்காகச் சார்ஜர் கணக்கை நான் மன்னித்துவிட்டதாக யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இந்த வீட்டில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் புழுக்கைதான் உரம். மக்க வைக்காமல் அப்படியே போடலாம், வேர் கருகாது. அந்தச் செடி இப்போது என் தோள் உயரம். அம்மா பிள்ளையார் கோயில் வாசலில் தினமும் இரண்டு கட்டு அருகம்புல் வாங்குகிறாள், ஒன்று பிள்ளையாருக்கு, ஒன்று கர்ணனுக்கு. சில நாள் பிள்ளையாருக்குச் சின்னக் கட்டாகப் போய்விடுகிறது. விடியற்காலையில் கர்ணன் தன் பின்பக்கம் குனிந்து, இளக்கமாக வரும் ஒருவகைக் கழிவை அப்படியே வாயில் வாங்கி விழுங்குவதைப் பார்த்து முதலில் குமட்டிக்கொண்டவளும் அம்மாதான். மாடு அசைபோடுகிற மாதிரி, புல்லிலிருந்து சத்தை எடுக்க இரண்டாம் சுற்று அது என்று விளக்கிய பிறகு, "அப்ப சரி" என்று ஜபமாலையை எடுத்துக்கொண்டாள்.

எனக்கு என்ன மிச்சம்? ஏசியை 26-ல் வைத்து நாள் முழுக்க ஓடவிட்ட கோடை மாதங்களின் மின்கட்டண ரசீது. அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்க முடியாமல் போன வேட்டிகள். நன்றாக வைத்துக்கொண்டால் முயல் 8 முதல் 12 வருஷம் இருக்கும். மகள் இப்போது ஆறாம் வகுப்பு. அவள் கல்லூரி முடித்துப் போகும்போது இது இருக்கும், இந்த அறையில், என் தலைமாட்டில்.

பொங்கலுக்கு வந்த என் தங்கை ஆசையாக ஒரு கிலோ கேரட் வாங்கி வந்தாள். சினிமாவிலும் பாடப்புத்தகத்திலும் முயல் கையில் கேரட் கொடுத்தவரை நான் ஒருநாள் சந்திக்க வேண்டும். கேரட்டில் இனிப்பு அதிகம், எப்போதாவது ஒரு துண்டுக்கு மேல் ஆகாது. அந்த ஒரு கிலோவை நாங்கள் நாலு நாள் பொரியலும் அல்வாவுமாகத் தின்று தீர்த்தோம்.

ஆகவே எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கேரட் வேண்டாம். காதைப் பிடித்துத் தூக்க வேண்டாம். "கறி எத்தனை கிலோ தேறும்?" என்று அம்மா காதுபடக் கேட்க வேண்டாம். படுக்கையறைக்குள் கால் வைக்குமுன் குனிந்து தரையைப் பாருங்கள். ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்தால் போதும். முடிந்தால் ஒரு சார்ஜர். டைப்-சியாக இருந்தால் நல்லது.