விடை தெரிந்த பின் எல்லாக் கணக்கும் சுலபம்தான்



"பிளாஸ்டிக் பையில் ஒரு கம்பியைச் சேர்த்தால் கண்டுபிடிப்பா? இதற்கெல்லாம் காப்புரிமையா?" என்று பலர் சிரித்திருந்தீர்கள். பால், தண்ணீர் மாதிரி எடுக்கும் ஆய்வகப் பையைப் பற்றிய பேச்சு அது. மேல்பட்டையைக் கிழித்து, மாதிரியை ஊற்றி, பையைச் சுழற்றி, கம்பியை மடக்கினால் மூடிக்கொள்ளும். சுலபம்தான். பார்த்த பிறகு எதுதான் சுலபம் இல்லை?

"இப்போது எனக்குத் தோன்றுகிறதா?" என்பது கேள்வியே அல்ல. அந்தத் தொழில் தெரிந்த ஒரு சாதாரண ஆளுக்கு, அன்றைய தேதியில், இந்தப் பையைப் பார்க்காமலே அது தோன்றியிருக்குமா? இதுதான் கேள்வி.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. சருகும் குப்பையும் போட்டு நிரப்பினால் பூசணிக்காய் முகம்போல் தெரியும் பெரிய ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் பை. காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. காட்டிய ஆதாரங்களில் ஒன்று என்ன தெரியுமா? தொடக்கப்பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கான கையேடு! காகிதத்தில் பூசணி முகம் செய்யும் பாடம் அதில் இருந்ததாம். அதையும் சாதாரணக் குப்பைப் பையையும் சேர்த்தால் இது வந்துவிடும் என்றார்கள். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. இரண்டையும் சேர்க்க ஒருவருக்கு ஏன் தோன்றும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. சரியான கேள்வி.

"அப்படியானால் ஒட்டுப்போட்டதற்கெல்லாம் 20 ஆண்டு தனியுரிமையா?" என்பீர்கள். இல்லை. 2007இல் கார் பெடல் வழக்கில், தெரிந்த பெடலில் தெரிந்த மின்னணு உணரியைப் பொருத்தியது கண்டுபிடிப்பு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது அறிவைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது. ஆனால் காரணத்தையும் எழுதியது: கார்கள் கணினிக் கட்டுப்பாட்டுக்கு மாறிவந்தன, அதனால் அப்படிச் செய்யும் தேவை தொழிலிலேயே இருந்தது. என் கட்சியும் இதுதான். மறுக்கட்டும், காரணத்தோடு மறுக்கட்டும்.

1966 தீர்ப்பு ஒன்று வழியே போட்டுக் கொடுத்திருக்கிறது. முன்பு என்ன இருந்தது, இதில் வித்தியாசம் என்ன, அத்தொழிலில் சராசரித் திறமை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். நெடுநாள் தேவை இருந்ததா, பிறர் முயன்று தோற்றார்களா என்பதையும் பார்க்கலாம். பலர் முயன்று முடியாமல் போனதை "யாருக்கும் தோன்றும்" என்பது என்ன நியாயம்?

விடை மட்டும் எழுதிய கணக்குக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும். "இது எல்லாருக்கும் தெரிந்ததுதான்" என்பதும் வெறும் விடை. வழிமுறை இல்லாமல் அதை ஏற்க முடியாது.

உங்களில் பலர் பட்டறையிலும் ஆய்வகத்திலும் இருக்கிறீர்கள். நாளை உங்களில் ஒருவர் சின்னதாக ஒன்றைச் செய்துகாட்டும்போது, "அட, இவ்வளவுதானா" என்ற ஒற்றைச் சொல்லில் அந்த உழைப்பு கரைந்துபோகக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், காரணத்தோடு.