வீட்டுக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டுவோம்

கொழும்பில் கொட்டாஞ்சேனையையும் வெள்ளவத்தையையும் 155ஆம் இலக்க பஸ் இணைக்கிறது. அந்த பஸ்ஸில் ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். ஒருத்தியின் வீடு தோட்டத்தில். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் பூமரம் நிற்கும் இடமல்ல. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளும் பொதுக் குழாயும் உள்ள ஒழுங்கை. மற்றவளின் வீடு கடல் தெரியும் தொடர்மாடியில். இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று இருவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனாலும் இருவரும் ஏதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். தோட்டத்துச் சனத்துக்கு முயற்சி போதாது என்று தொடர்மாடிப் பிள்ளை நினைக்கிறாள். சிநேகிதியை வீட்டுக்குக் கூப்பிடக்கூடாது என்று தோட்டத்துப் பிள்ளை தீர்மானித்துவிட்டாள். நாங்கள் வாயைத் திறக்காமலே நடத்திய பாடம் இது.

அந்தப் பாடத்தை நிறுத்தவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். நாங்கள் இந்த இரண்டு இடங்களிலும் வாழும் பெற்றோரும் ஆசிரியர்களும். செல்வம் எங்கிருந்து வருகிறது, வறுமை எதனால் உண்டாகிறது, வாழ்க்கைத்தரம் என்பதை எதைக் கொண்டு அளப்பது என்பவற்றைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல், எண்ணோடும் காரணத்தோடும் சொல்லிக்கொடுப்போம் என்று பிரகடனம் செய்கிறோம்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாதம், கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டன. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென்று அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்திய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு பிள்ளைகளும் எங்களோடு வரிசையில் நின்றார்கள். "ஏன் அம்மா?" என்று கேட்டார்கள். "பெரிய ஆக்கள் கதைக்கிற விசயம், நீ படி" என்றோம். கடதாசியே இல்லாத நாட்டில் எதைப் படிக்கச் சொன்னோம்? வரிசைகள் போய்விட்டன, அந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆகவே முதல் வேலை வீட்டிலேயே தொடங்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, மாதத்தில் ஒருநாள், வீட்டுக் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டுவோம். வாடகை, கரண்ட் பில், டியூஷன் காசு, சீட்டுக்காசு, அடகில் இருக்கும் சங்கிலியின் வட்டி, எல்லாம். புறக்கோட்டையில் நாட்டாமி வேலை செய்யும் அப்பா ஒரு நாளில் எத்தனை மூட்டை சுமந்தார் என்பதை அவர் பிள்ளை அறியட்டும். அந்தக் காசில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளவத்தைப் பிள்ளையும் அறியட்டும்: கனடாவிலிருந்து வரும் காசு மரத்தில் காய்ப்பதில்லை, அங்கே சித்தி பனியில் பஸ்ஸுக்கு நின்று, இரண்டு வேலை செய்து அனுப்புவது. கடன் இருந்தால் கடனையும் சொல்வோம். பிள்ளை பயப்படும் என்பார்கள். இரவில் கதவுக்குப் பின்னால் நடக்கும் சண்டையைக் கேட்டுத்தான் பிள்ளை அதிகம் பயப்படுகிறது.

இரண்டாவது, கணிதம். அரசின் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் உத்தியோகபூர்வ வறுமைக் கோட்டைக் கணக்கிடுகிறது. 2019இல் அது ஓர் ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். 2022 டிசம்பரில் 13,777. இரண்டாவது தொகையை வைத்து நால்வர் குடும்பத்துக்கு ஒரு மாதச் செலவுப் பட்டியல் போடும்படி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுப்போம். நான்கு பேருக்கு 55,108 ரூபாய். கொழும்பில் வாடகை எடுத்ததும் மிஞ்சுவது எவ்வளவு? மருந்துக்கு எதை வெட்டுவது? தோட்டத்துப் பிள்ளையும் தொடர்மாடிப் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து இந்தக் கணக்கைச் செய்யவேண்டும். அங்கே ஆசிரியர் தோட்டத்துப் பிள்ளையாகத்தான் இருப்பாள்.

மூன்றாவது, சரித்திரம். வறுமையைத் தலைவிதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லமாட்டோம். 1953இல் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தியது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். சில மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பிள்ளையின் பசியை அன்று யாரோ மேசையிலிருந்து கையெழுத்திட்டுத் தீர்மானித்தார்கள். பசியைப் போக்கும் கையெழுத்துகளும் இதே நாட்டில்தான் இடப்பட்டன. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையென்றால் எங்களில் பலர் இந்தப் பிரகடனத்தை எழுதியிருக்க மாட்டோம். இன்றும் இரண்டு பிள்ளைகளும் ஒரே இலவசப் பாடநூலை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, டியூஷன் வாசலில்தான் பிரிகிறார்கள்.

இனிச் சொல்வது எங்கள் நெஞ்சைச் சுடும். கொழும்பில் வசதியான வீடுகள் பலவற்றில் பாத்திரம் கழுவியது யார்? தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த பிள்ளை. எங்கள் பிள்ளை படித்த அதே குசினி வெளிச்சத்தில் அவள் வேலை செய்தாள். எங்கள் பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்திருப்பாள். 2021 ஜூலையில், மலையகத்து டயகமவிலிருந்து வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி கொழும்பு ஆஸ்பத்திரியில் தீக்காயங்களோடு உயிரிழந்தாள். நாடு முழுவதும் பேசினார்கள். மலையகத்தில் ஊர்வலம் போனார்கள். எங்கள் வீடுகளில் டீவியின் சத்தத்தைக் குறைத்தோம். அந்த ஆண்டு மார்ச்சில்தான் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் அது 1,350. மேசையில் இருக்கும் தேத்தண்ணிக்கும் லயத்திலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்கும் உள்ள தொடர்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் நாங்கள் வேறெந்தப் பொருளாதாரத்தையும் சொல்லிக்கொடுக்க உரிமையற்றவர்கள்.

எனவே, 18 வயது நிறையாத யாரையும் எங்கள் வீட்டு வேலைக்கு வைக்கமாட்டோம். வளர்ந்தவர் ஒருவர் வேலைக்கு வந்தால் அவரை என்ன முறை சொல்லி அழைப்பது, சம்பளம் எவ்வளவு, லீவு எப்போது என்பவை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு அவருக்குத் தனிக் கோப்பை வைப்பதை இன்றோடு விடுகிறோம்.

தானம் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்தநாளுக்கு ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போய்ச் சோறு கொடுப்பது எங்களிடையே வழக்கம். கொடுப்பதை நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் வாங்கும் பிள்ளையின் கையில் கொப்பியைக் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பும் பழக்கத்துக்கு முற்றிலும் எதிரானவர்கள். அந்தப் படத்தை நாளை அந்தப் பிள்ளையின் வகுப்பே பார்க்கும். அரசின் அஸ்வெசும உதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் நிற்கும் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து, அந்தத் தாள் என்ன கேட்கிறது என்று எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்கட்டும். அதில் நூறு பிறந்தநாள் சோற்றைவிட அதிகம் படிப்பார்கள்.

பணக்காரரை வெறுக்கவோ ஏழையை இரங்கிப் பார்க்கவோ நாங்கள் பிள்ளைகளைப் பழக்கவில்லை. சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. பெயரும் இன்னும் இல்லை; பிள்ளைகள் வைக்கட்டும். ஒரு மாதம் கொட்டாஞ்சேனையில், மறு மாதம் வெள்ளவத்தையில், ஞாயிறு பின்னேரம் கூடுவோம். தோட்டத்து வீட்டிலும் கூடுவோம். கதிரை போதாவிட்டால் பாயில் இருக்கலாம்.

முதல் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சென்ற மாதக் கரண்ட் பில்லையும் கொண்டுவாருங்கள்.